இலையில் இருந்தவரை எழுப்பியது

எங்கள் ஊரில் இலைக்கு முன்னால் இருந்தவரை எழுப்பக்கூடாது. பகையாளியாக இருக்கட்டும், அழையாமல் வந்தவனாக இருக்கட்டும், இலையில் சோறு விழுந்துவிட்டால் அவன் கை கழுவும்வரை ஒரு சொல் சொல்லக்கூடாது. காணி எல்லைக்காகக் கோட்டில் வழக்குப் பேசினவர்கள் கலியாண வீட்டில் எதிரெதிரே இருந்து பாயாசம் முடியும்வரை பொறுத்ததைக் கண்டிருக்கிறேன். சண்டை கை கழுவப் போன கிணற்றடியில்தான் தொடங்கியது. நாற்பத்தாறு வயதுவரை நானும் அந்த ஒழுங்கோடுதான் இருந்தேன். போன ஆவணியில், தேர்த் திருவிழா அன்று, இருநூறு பேர் பார்த்திருக்க அதை மீறினேன்.

என் பெயர் சுதர்சனன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலிருந்து நடந்தால் முக்கால் மணித்தியாலத்தில் எங்கள் பிள்ளையார் கோயில் வரும். அதன் அன்னதான சபைக்கு நான்தான் செயலாளர். பந்தி என்றால் எனக்கு வரிசை நேராக இருக்க வேண்டும். சோற்றுக்குப் பின்னால் பருப்பு வர வேண்டும், பருப்புக்கு முன்னால் சாம்பார் வந்தால் எனக்குக் கண் சிவந்துவிடும். "உங்களுக்குச் சாமி கும்பிட நேரமில்லை, வாளிக்காரரைப் பிடிச்சுத் தின்னத்தான் நேரம்" என்று மனைவி பிரியதர்சினி சொல்லுவாள். அவள் சொல்வது சரிதான்.

இந்தக் கதை உண்மையில் அதற்கு முந்தின வருடத் தேரன்று தொடங்கியது. லண்டனிலிருந்து சண்முகரத்தினம் அண்ணை குடும்பத்தோடு வந்திருந்தார். அன்னதான மடத்துக்கு முகம் பார்க்கக்கூடிய மாதிரி மாபிள் போட்டுத் தந்தவர் அவர். மகள் நிலுஷாவின் மடியில் ஒரு நாய் இருந்தது. வெள்ளை நிறம், பஞ்சு மாதிரி மயிர், பெயர் கோக்கோ. பிளேனில் வந்த நாய். நாயோடேயே பந்தியில் இருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு முன்னால் நின்றேன். வேறு யாரும் கொண்டுவந்திருந்தால் என் தொண்டை கோயில் மணியை வென்றிருக்கும். அன்றைக்கு அந்த மணி அடிக்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடதாசிக் கோப்பை ஒன்றில் பாயாசம் வார்த்து நானே குனிந்து அந்த நாயின் முன்னால் வைத்தேன். "இவருக்கும் பிள்ளையாற்ற பிரசாதம் கிடைக்கட்டும்" என்று ஒரு பகிடியும் விட்டேன். சண்முகரத்தினம் அண்ணை படம் எடுத்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் பிளேன் ஏறிய பிறகு சபைக் கூட்டம் நடந்தது. தலைவர் விநாயகமூர்த்தி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில வைக்கிறது எண்டு கேள்விப்பட்டிருக்கிறம். எங்கட செயலாளர் நடுப்பந்தியில வைச்சிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையே ஒரு பலகையும் கறுப்புப் பெயின்ரும் வாங்கினேன். 'மடத்தினுள் நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று என் கையாலேயே எழுதி வாசலில் அறைந்தேன். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பலகை சரி என்றுதான் சொல்லுவேன். எங்கள் மடத்தில் மேசை கதிரை கிடையாது. தரையில் இலை போட்டுத் தரையில் இருந்து சாப்பிடுகிறோம். நாயின் வாயும் குழந்தையின் இலையும் ஒரே உயரம். ஒன்று நக்கிவிட்டால் அந்த வரிசையே எழும்பிப் போய்விடும். நாய் எனக்கு விரோதியில்லை, ஆனால் அதற்கு மடம் இடமில்லை. பிழை பலகையில் இருக்கவில்லை. பலகை எழுதியவனில் இருந்தது.

இந்த வருடத் தேர். மூன்றாவது பந்தி. சோறும் பருப்பும் போய், கத்தரிக்காய்க் கறி வந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையின் இலையை இழுத்துக்கொண்டு "மாஸ்ரர், நாய்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பக்கத்து இலையில் அறுபது தாண்டிய ஒரு மனிசி, வெள்ளையில் நீலக்கரைச் சீலை. முதுகுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு நாய் படுத்திருந்தது. ஊர் நாய்தான். எலும்பை எண்ணலாம், ஒரு காது மடிந்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. அது மனிசிக்குப் பின்னால் மறைவாக வந்ததை வாசலில் நின்ற நான் காணவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"இதென்ன? நாயைக் கொண்டு வந்து பந்தியில இருக்கிறீர்?"

"வீமன் ஒண்டும் செய்யமாட்டான் மாஸ்ரர். உப்பிடியே கிடப்பான்."

"பலகை கண்ணுக்குத் தெரியேல்லையோ? எழும்பும். நாயை வெளியில விட்டிட்டு வாரும்."

என் அம்மா இருந்திருந்தால் அந்த மனிசிக்குப் பத்து வயதுதான் மூப்பாக இருந்திருப்பா. நான் 'நீர்' என்றேன். லண்டன் நாயின் சொந்தக்காரிக்கு, என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் வயது, 'நீங்கள்' என்று சொன்ன வாய் இது.

அவ சோற்றில் விரல் நுனியை வைத்துக் கண்ணில் ஒற்றினா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. வெளியே போய்த் திரும்பி வந்தா, நாயும் பின்னால் வந்தது. மறுபடி போனா, மறுபடி வந்தா, நாயும் வந்தது. மூன்றாம் தரம் நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"கட்டுறதுக்கு ஒரு கயிறு இருக்குமோ மாஸ்ரர்?"

"இதென்ன கயித்துக்கடையோ?"

சாம்பார் வாளி தூக்கி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பத்து அடி தள்ளி, வாழைக்குலை கட்டி வந்த கயிறு சும்மா கிடந்தது. எனக்குத் தெரியும். குனிந்து எடுத்திருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும்.

அவ என்னைப் பார்த்தா, உள்ளே தன் இலையைப் பார்த்தா, பிறகு படலைக் கதவைத் தாண்டிப் போய்விட்டா. பரிமாறிய இலையில் வேறு ஆளை இருத்த ஏலாது. மடித்துப் பின்பக்கக் குப்பைக் கிடங்கில் போடச் சொன்னேன். அங்கே தெரு நாய்கள் நின்றன. அவவுக்குப் பரிமாறிய சோறு கடைசியில் நாய்க்குத்தான் போனது.

கொஞ்ச நேரத்தில் வீதிப் பக்கமிருந்து ஒரு நாய் விடாமல் குரைக்கத் தொடங்கியது. சாம்பார் முடிந்தது, பாயாசம் வந்தது, அது குரைத்துக்கொண்டே இருந்தது.

"பாத்தியளோ?" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னேன். "உந்த நாயை உள்ளுக்கு விட்டிருந்தால் என்ன பாடு?"

கால் மணித்தியாலம் இருக்கும். குரைக்கட்டும் என்றிருந்தேன். அந்தக் கால் மணித்தியாலத்தை நான் எத்தனை தரம் திரும்பக் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கணித மாஸ்ரருக்கு விடை மாறவில்லை. அந்த நாய் என்னைத்தான் கூப்பிட்டது.

ஓட்டோ ஓட்டும் டெனிஸ்ரன் வாசலில் வந்து நின்றான்.

"மாஸ்ரர், பஸ் நிக்கிற இடத்தில ஒரு மனிசி விழுந்து கிடக்குது. கிட்டப் போறதுக்கும் பயமா இருக்கு, நாய் சுத்திச் சுத்திக் குலைக்குது."

ஓடினேன். நான் கிட்டப் போனதும் நாய் குரைப்பதை நிற்பாட்டிவிட்டு விலகி நின்றது. மனிசியின் சீலையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. வாய் கோணி ஏதோ முனகினா. தூக்கி ஓட்டோவில் போட்டோம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிவரை நாய் பின்னால் ஓடி வந்தது. டெனிஸ்ரன் கண்ணாடியில் அதைப் பார்த்து "விடுது இல்லை" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெயர் விமலாம்பிகை, ஊர் அனலைதீவு, தனி ஆள் என்று கிளினிக் கொப்பியிலிருந்து தெரிந்தது. சீனி வருத்தம். அரை நினைவில் அவ டொக்டருக்குச் சொன்னபடி, காலையில் வழமைபோல இன்சுலின் ஊசியைப் போட்டிருக்கிறா. தேர் விரதம் என்று ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், மத்தியானம் மடத்தில் சாப்பிடலாம் என்று படகேறியிருக்கிறா. நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் துறைமுகத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருக்கிறா. சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, இன்னும் சுணங்கியிருந்தால் பிரேதம்தான் என்று டொக்டர் சொன்னார்.

நேர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டா. "ஊசியைப் போட்டிட்டு விரதம் இருக்கிறதோ? அன்னதானத்துக்குத்தானே வந்தவ, ஏன் சாப்பிடேல்ல?"

சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டு சொல் போதும்.

"பந்தி கொஞ்சம் பிந்திப் போச்சுது, மிஸ்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பிரியதர்சினிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த நாள் விடிய எழும்பிக் குசினிக்குள் போய், குத்தரிசிச் சோறும் முருங்கையிலை வறையும் செய்து ஒரு பெட்டியில் கட்டினாள். நாய்க்கென்று இன்னொரு பெட்டி.

நாய் ஆஸ்பத்திரிப் படலைக்கு வெளியே கிடந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. அது அவருடைய கடமை, நான் என்ன சொல்ல? பெட்டியைத் திறந்து வைத்தேன். உறுமும், முகத்தைத் திருப்பும் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டு என் கையை நக்கியது. மனிதரை ஞாபகம் வைத்துக் கோபிக்க அந்த வீமனுக்குத் தெரியவில்லை.

உள்ளே போனேன். விமலாம்பிகை அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தா. என்னைக் கண்டதும் முதல் கேள்வி:

"நாய் சாப்பிட்டுதோ மாஸ்ரர்?"

"ஓம் அக்கா. இப்பதான் குடுத்தனான்."

"நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள்? உயிரைக் காப்பாத்தினதே பெரிய காரியம்."

பக்கத்துக் கட்டில்காரியிடமும் அதையே சொன்னா. "இந்த மாஸ்ரர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்." அவளும் என்னைக் கும்பிட்டாள். நானும் திருப்பிக் கும்பிட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, நெஞ்சுக்குள் மாபிள் கல் கிடந்த மாதிரிப் பாரமாகத்தான் இருந்தது.

மூன்று நாளும் போனேன். மூன்று நாளும் சொல்லாமல் வந்தேன்.

"சொன்னனீங்களோ?" என்று பிரியதர்சினி படலையிலேயே கேட்பாள்.

"பக்கத்தில ஆக்கள் நிண்டவை."

"சோத்துப் பெட்டியைக் கொண்டு போறது காணாது. வாயையும் கொண்டு போங்கோ."

இதற்கிடையில் விநாயகமூர்த்தி அண்ணை போன் எடுத்தார். பந்தியில் நடந்தது பலகைப்படிதான் என்று எல்லோரும் எடுத்திருக்க வேண்டும், ஊரெல்லாம் நான் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பற்றித்தான் கதையாம். திருவிழா முடிந்து நடக்கும் வைரவர் மடைப் பூசையன்று எனக்குப் பொன்னாடை போர்த்துவதென்று சபை தீர்மானித்திருக்கிறதாம்.

"அண்ணை, அது வேண்டாம். நான்தான் அவவை…"

"அடக்கமாக் கதையாதையும். எல்லாம் சொல்லியாச்சு." போனை வைத்துவிட்டார். நான் திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

வைரவர் மடையன்று காலைதான் அக்காவுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகவிட்டார்கள். பின்னேரப் படகுக்கு முன்னால் மடத்தில் சாப்பிட்டுப் போகலாம் என்று டெனிஸ்ரனின் ஓட்டோவில் கூட்டி வந்தேன். வழியில் கடையொன்றில் நிற்பாட்டி நல்ல நைலோன் கயிறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "ஏன் மாஸ்ரர் வீண் செலவு" என்று சொல்லி, அவவே நாயின் கழுத்தில் இறுகாமல் முடிச்சுப் போட்டா. நாய் அவவின் காலடியில் இருந்து வெளியே வேடிக்கை பார்த்து வந்தது.

கோயிலில் வைரவருக்கு வடைமாலை சாத்தியிருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கல் நாய்க்கும் ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். அக்கா வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு, மட வாசலுக்கு எதிரே வேப்பமரத்தின் கீழ் இருந்துவிட்டா. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தா.

"நாயை மரத்தில கட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ அக்கா. நான் நிண்டு பாக்கிறன்."

"தனிய விட்டாக் கத்துவான். எல்லாருக்கும் கரைச்சல். நான் இதிலயே இருக்கிறன்."

நான் இலையைக் கொண்டுவந்து அவவின் முன்னால் மண்ணில் போட்டேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, நாலு வடை, எல்லாம் நானே பரிமாறினேன். அவ சாப்பிடத் தொடங்கும்வரை பார்த்து நின்றேன். உள்ளே ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இனி நேரமில்லை. குந்தினேன்.

"அக்கா, தேரண்டைக்கு உங்களை இலையில இருந்து எழுப்பினது நான்தான். கயிறு கேக்க இல்லையெண்டதும் நான்தான். உங்களுக்கு அப்பிடி வந்தது என்னால."

அவ நிமிர்ந்து பார்த்தா. முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தெரியும் மாஸ்ரர். எனக்குக் கண் நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் ஒரு சொல் சொல்லேல்ல?"

"என்னத்தைச் சொல்ல? பிழை என்னிலதானே." வடையில் பாதியைப் பிய்த்து நாயின் முன்னால் வைத்தா. "ஒவ்வொரு வருசமும் இவனை வீட்டில கட்டிப்போட்டுத்தான் வாறனான். நான் திரும்பிப் போகும்வரை தண்ணிகூடக் குடிக்கமாட்டான். போன வருசம் பந்தியில எனக்கு முன் வரிசையில ஒரு வெள்ளை நாய் இருந்தது. நீங்கள் கோப்பையில பாயாசம் வைச்சனீங்கள். 'இவருக்கும் பிள்ளையாற்ற பிரசாதம்' எண்டும் சொன்னனீங்கள். எனக்குச் சரியான சந்தோசம். இனி நாயளையும் விடுகினமாக்கும் எண்டு நினைச்சிட்டன். ஊருக்குப் போய் இவனுக்கும் சொன்னனான், வாற வருசம் உனக்கும் பாயாசம் எண்டு."

நான் மண்ணைப் பார்த்தேன்.

"பலகையைக் கண்டனான் மாஸ்ரர். வாசிக்கத் தெரியும். தெரு நாயளுக்கு எழுதியிருக்கினம் எண்டு நினைச்சன். வளக்கிற நாயிலயும் ரெண்டு விதம் இருக்கெண்டு எனக்கு விளங்கேல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. அது எனக்கு நிச்சயம். கணக்குப் பிழைத்த பிள்ளை தன் பிழையை ஒப்புக்கொள்வதுபோல, உண்மையாக வெட்கப்பட்டுச் சொன்னா. அவ என்னை நாலு தூஷணத்தில் ஏசியிருந்தால் நான் இன்று நிம்மதியாக நித்திரை கொள்வேன்.

"அன்னதான சபைச் செயலாளர் சுதர்சனன் மாஸ்ரர் உடனடியாக மடத்துக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"உங்களைத்தான் கூப்பிடுகினம். போங்கோ" என்றா. "சுணங்கக்கூடாது."

எழும்பிப் போனேன். போகும்போதே வசனத்தை அமைத்துக்கொண்டேன். அந்த மனிசியை இலையில் இருந்து எழுப்பியவன் நான், எனக்கு இது வேண்டாம். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வாய் ஓயாமல் கத்துகிறவனுக்கு இரண்டு வசனம் பெரிய காரியமில்லை. வாசலில் என் பலகையைக் கடந்தேன். உள்ளே விநாயகமூர்த்தி அண்ணை தட்டத்தில் பொன்னாடையோடு நின்றார். பிரியதர்சினி பெண்கள் பக்கத்தில் நின்று என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தக்க நேரத்தில் ஓடிச் சென்று ஓர் உயிரைக் காப்பாற்றிய…" என்று அவர் தொடங்கினார். சனம் கைதட்டியது. நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

வேப்பமரத்தின் கீழ் விமலாம்பிகை அக்கா இலையை விட்டு எழும்பி நின்றா. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினா. நான் வாங்கிக் கொடுத்த கயிறு அவவின் கையில் சுற்றியபடியே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் வீமனின் கழுத்து ஒரு தரம் இழுபட்டது.

விநாயகமூர்த்தி அண்ணை ஒலிவாங்கியை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். நான் "நன்றி" என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.